பெயிண்ட் அடித்தால் பராமரிப்பு முடிந்ததா? பள்ளி, கல்லூரிக் கட்டடங்கள் எப்படிக் கெடுகின்றன

"இந்தப் பள்ளியை நன்றாகப் பராமரிக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் பெரும்பாலும் சுவரில் புதுப் பெயிண்டையும் வாசலில் வெட்டிவிட்ட செடிகளையும் பார்த்திருப்பார். "பராமரிப்பே கிடையாது" என்று சொன்னால், உடைந்த ஜன்னலையும் நாற்றமடிக்கும் கழிப்பறையையும் பார்த்திருப்பார். எல்லாமே கண்ணில் படுகிற விஷயங்கள். கட்டடம் கெடுகிற இடங்கள் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மொட்டை மாடித் தளத்துக்குள், பூச்சுக்குப் பின்னால், ஸ்விட்ச் போர்டுக்குள், குழாய் வளைவில் அந்த வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

கூரைக் காரை பெயர்ந்து விழுந்ததும் "பழைய கட்டடம், என்ன செய்வது" என்று ஒரு குரலும், "கட்டும்போதே ஊழல்" என்று இன்னொரு குரலும் எழும். இரண்டும் சில சமயம் உண்மையாக இருக்கலாம். ஆனால் நல்ல சிமென்ட் போட்டு ஒழுங்காகக் கட்டிய கட்டடமும் கவனிக்காமல் விட்டால் கெடும். நூறு வயதைத் தாண்டியும் உறுதியாக நிற்கிற வகுப்பறைகளும் உண்டு. வித்தியாசம் எங்கே வருகிறது என்பதைக் கட்டுமானத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

மூன்று வேலைகள், மூன்று பெயர்கள்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "பராமரிப்பு" என்றே சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் மூன்று வேலைகள் இருக்கின்றன.

பராமரிப்பு என்பது ஒரு பொருள் கெடுவதற்கு முன்பே, குறித்த இடைவெளியில் செய்கிற வேலை. மழைக்காலத்துக்கு முன் மாடியின் வடிகால் வாயைச் சுத்தம் செய்வது இந்த வகை. பழுதுபார்ப்பு என்பது கெட்டபின் சரிசெய்வது. ஒழுகுகிற இடத்தை அடைப்பது போல. புதுப்பித்தல் என்பது ஆயுள் முடிந்த பாகத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. 30 வருஷ வயரிங்கை முழுக்க மாற்றுவது போல.

பெயிண்ட் இதில் எங்கே வரும்? விரிசல்களை அடைத்து, காய்ந்த வெளிச்சுவரில் அடித்தால் அது நிஜமான பராமரிப்பு, ஏனென்றால் அந்தப் பூச்சு மழைத் தண்ணீரைச் சுவருக்குள் விடாது. ஓதம் ஏறிய சுவரில், விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவசரமாக அடித்தால் அது மூடிமறைப்பு. உள்ளே இருக்கிற ஈரம் சீக்கிரம் வெளியேற முடியாது. விரிசல் எங்கே இருந்தது என்ற தடயமும் போய்விடும். அடுத்து ஆய்வுக்கு வருகிற பொறியாளருக்குச் சுத்தமான சுவர்தான் தெரியும்.

சொத்தைப் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே சின்னக் கரும்புள்ளி, வலி கிடையாது. அந்தக் கட்டத்தில் அடைத்துவிட்டால் பத்து நிமிஷ வேலை. வலி தொடங்கும்போது சொத்தை நரம்பு வரை போயிருக்கும். அப்போது வேர்ச் சிகிச்சை வேண்டும், மேலே உறை வேண்டும், சில சமயம் பல்லையே பிடுங்க வேண்டும். சொத்தை வருஷக்கணக்கில் வளர்ந்ததுதான், வலி மட்டும் ஒரே இரவில் வந்தது போல இருக்கும். கான்கிரீட் கூரையிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது.

கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஒரு கூரைத் தளம் தன் எடையாலேயே நடுவில் லேசாகத் தொய்யப் பார்க்கும். அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுவையைத் தாங்கத்தான் அடிப்பக்கத்தை ஒட்டி இரும்புக் கம்பி போடுகிறார்கள். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்கிற கனத்துக்குக் கவர் என்று பெயர். தளங்களில் இது சாதாரணமாக 20 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், தூண்களில் 40 மில்லிமீட்டர் வரை. ஒரு விரல் அகலம்தான் கம்பிக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள தடுப்பு.

வெளியே போட்ட கம்பி ஒரே மழையில் துருப்பிடிக்கும். கான்கிரீட்டுக்குள் இருப்பது மட்டும் பல பத்தாண்டுகள் ஏன் பிடிப்பதில்லை? புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. அதன் பிஎச் அளவு 12.5க்கும் மேல் இருக்கும். இந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. அதாவது கான்கிரீட் கம்பியை மூடிவைப்பதோடு, ரசாயன ரீதியாகவும் காவல் காக்கிறது.

இந்தக் காவல் காலப்போக்கில் குறையும். காற்றில் உள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே போய், அங்குள்ள சுண்ணாம்போடு வினைபுரிகிறது. காரத்தன்மை வெளிப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல உள்நோக்கிக் குறைந்துகொண்டே போகும். இதற்குக் கார்பனேற்றம் என்று பெயர். பிஎச் 9 அளவுக்கு இறங்கிய பகுதி கம்பியைத் தொட்டுவிட்டால், படலம் போய்விடும்.

இதில் ஒரு கணக்கு உண்டு, பலருக்கும் தெரியாதது. கார்பனேற்றம் போகிற ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறக்குறைய வளர்கிறது. அப்படியென்றால் கவர் பாதியாகக் குறைந்தால், கம்பியைத் தொட ஆகும் காலம் பாதியாகக் குறையாது, கால் பங்காகிவிடும். 20 மில்லிமீட்டர் கவரைத் தாண்ட 40 வருஷம் ஆகும் என்றால், 10 மில்லிமீட்டரைத் தாண்ட 10 வருஷம் போதும். சென்ட்ரிங் பலகையில் கம்பியைக் கட்டும்போது அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) வைக்காமல் விட்ட கொத்தனாரின் சோம்பல், ஒரு தலைமுறைக் காலத்தைத் தின்றுவிடுகிறது. ஒரே கூரையில் ஒரு மூலை மட்டும் முதலில் பெயர்வதற்கு இது அடிக்கடி காரணமாக இருக்கும்.

படலம் போன உடனே துரு வந்துவிடுமா? வராது. துருவுக்குத் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். காவல் போன கம்பிகூட, கான்கிரீட் காய்ந்திருந்தால் வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். கார்பனேற்றத்தை நம்மால் பெரிதாக நிறுத்த முடியாது. தண்ணீரை நிறுத்த முடியும். கட்டடப் பராமரிப்பில் பெரும்பங்கு தண்ணீரை வெளியே வைக்கிற வேலையாக இருப்பது இதனால்தான். கடலோரக் கட்டடங்களில் காற்றோடு வரும் உப்பும் உள்ளே புகுந்து அந்தப் படலத்தை உடைக்கும் என்பதால், அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த கட்டம் வேகமானது. துருவுக்கு, அது உருவான இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் வேண்டும். விரிய இடமில்லாத துரு, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. கம்பி ஓடுகிற வாக்கிலேயே நேர்க்கோடாக விரிசல் விழும். அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இன்னும் சுலபமாக உள்ளே போகும், துரு இன்னும் கூடும். கடைசியில் அடிப்பக்கக் கவர் அப்படியே பாளமாகப் பெயர்ந்து விழும். "இருபது வருஷம் ஒன்றும் ஆகவில்லை, ரெண்டே வருஷத்தில் கொட்டிவிட்டது" என்று சொல்கிறார்களே, அது பொய்யில்லை. முதல் இருபது வருஷம் காவல் போய்க்கொண்டிருந்தது, கடைசி இரண்டு வருஷத்தில்தான் அதன் விளைவு வெளியே தெரிந்தது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கிறது, அது காலத்தோடு குறைகிறது, அதன்பின் ஈரம் சேர்ந்தால் துரு விரிந்து கான்கிரீட்டை உடைக்கிறது. நம் கையில் இருப்பது ஈரம் மட்டும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

முதல் குற்றவாளி மொட்டை மாடி. பள்ளி மாடிக்கு ஏறிப் பார்த்தால் தெரியும்: உடைந்த பெஞ்சுகள், துருப்பிடித்த மேசைக் கால்கள், கிழிந்த பந்து, காய்ந்த இலைக் குப்பை. அந்த இலைகளில் ஒரு கைப்பிடி போதும் மழைநீர்க் குழாயின் வாயை அடைக்க. 60 சதுர மீட்டர் வகுப்பறைக் கூரையில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 6,000 கிலோ, அதாவது 6 டன். வகுப்பு நடக்கிறபோது மேலே ஒரு லாரிச் சுமை நிற்கிறது என்று அர்த்தம். எடை ஒரு பக்கம் இருக்க, நாள்கணக்கில் தேங்குகிற தண்ணீர் சின்னக் கீற்று விரிசலைக்கூடத் தேடிப் பிடித்து இறங்கும்.

கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று அடுத்தது. மேலே தெரிகிற தண்டை ஒடித்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேர் உள்ளேயே இருக்கும், அடுத்த மழையில் இன்னும் தடியாகத் துளிர்க்கும். கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்து, அந்த இடுக்கை அடைப்பதுதான் சரி.

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிற இடத்தைப் பாருங்கள். மோட்டாரை நிறுத்த ஒருவர் ஓடிவருகிற அந்தப் பத்து நிமிஷத்தில், தினமும் அதே சுவர் நனைகிறது. மழை வருஷத்தில் சில மாதம்தான். தொட்டி வழிவது தினசரி மழை. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு மிதவை ஸ்விட்ச் இதைத் தடுத்துவிடும்.

மாடிக் கழிப்பறைகளும் விடுதிக் குளியலறைகளும் அதே ரகம். தரை ஓட்டின் இணைப்பில் சிமென்ட் போய்விட்டால், அடியில் உள்ள தளம் காயவே காயாது. கீழே, சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற பழக்கமும் ஈரத்தைச் சுவருக்குள் ஏற்றும். தோட்டம் அழகுதான், இரண்டடி தள்ளி வைத்தால் போதும்.

கட்டடம் தருகிற அடையாளங்கள்

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சின் மேல் வலைப்பின்னல் போல ஓடும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தவை. கூரையின் அடிப்பக்கத்திலோ பீமிலோ கம்பி வாக்கில் நேராக ஓடும் விரிசல், அதோடு பழுப்புக் கறை, இது துருவின் கையெழுத்து. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு போல ஏறுகிற விரிசல் அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டலாம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், ஈரம் உள்ளிருந்து வந்து ஆவியாகிப் போகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அதைத் துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடிப்பதால் ஈரம் நிற்காது.

விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய முறை உண்டு. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் அசையாமல் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவைப்பார்கள். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் அல்லது ஒட்டு விட்டுவிட்டால் விரிசல் இன்னும் நகர்கிறது. நகர்கிற விரிசலைச் சிமென்ட் வைத்து அடைப்பது வீண். மறுபடியும் அங்கேயே பிளக்கும்.

கூரைக்கு இன்னொரு சோதனை: சின்னச் சுத்தியலால் அடிப்பக்கத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போவது. உறுதியான கான்கிரீட் 'டிங்' என்று இறுக்கமாகச் சத்தம் தரும். கவர் உள்ளே பிரிந்து நிற்கிற இடத்தில் 'டொப்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இதைத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, அறையில் பிள்ளைகள் இல்லாதபோது, தெரிந்தவர் செய்ய வேண்டும். வெற்றுச் சத்தம் கேட்ட இடம் அந்த நிமிஷமே கையோடு வரலாம்.

தள்ளிப்போட்ட வேலைக்கு ஒரு கணக்கு

செய்ய வேண்டிய காலத்தில் செய்யாமல், பணம் இல்லை, ஆள் இல்லை என்று தள்ளிப்போட்டுச் சேர்ந்துகிடக்கும் வேலைகளின் மொத்தத்துக்குத் தேங்கிய பராமரிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது மனத்தாங்கலாகப் பேசுகிற விஷயம் என்று நினைக்க வேண்டாம், எண்ணாகவே போடலாம். அந்த எண்ணுக்குக் கட்டட நிலைக் குறியீடு என்று பெயர்: தேங்கிய வேலைகளை முடிக்க ஆகும் செலவை, அந்தக் கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவால் வகுக்க வேண்டும். புதிதாகக் கட்ட 100 பங்கு ஆகும், தேங்கிய வேலைக்கு 8 பங்கு ஆகும் என்றால் குறியீடு 8 சதவீதம். அமெரிக்காவில் கல்லூரிக் கட்டடங்களை மதிப்பிடுவதற்காக 1990களின் தொடக்கத்தில் பரவிய இந்த முறையில், 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை, 5 முதல் 10 வரை சுமார், 10க்கு மேல் போனால் மோசம் என்று பிரிப்பார்கள்.

இந்தக் குறியீட்டின் மேல் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. அது ஒரு சராசரி. வளாகம் முழுக்கச் சேர்த்து 3 சதவீதம் என்று வரலாம், அந்த 3 சதவீதம் ஒன்றாம் வகுப்புக் கூரையாக இருக்கலாம். பட்ஜெட் கேட்க இந்த எண் உதவும். எந்த அறையை நாளைக்கே பூட்ட வேண்டும் என்று அது சொல்லாது.

வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1990 அறிக்கை, பொதுக் கட்டடங்களின் பராமரிப்புக்கும் பழுதுக்கும், புதிதாகக் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வேண்டும் என்றது. இன்றும் பலர் எடுத்துச் சொல்லும் அளவு அது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்துப் பொறியாளர் டி சிட்டர் 1980களில் ஒரு விதி சொன்னார். கட்டும்போது 1 பங்கில் முடிகிற கவனத்தை விட்டால், துரு தொடங்குவதற்கு முன் தடுக்க 5 பங்கு ஆகும், துரு தொடங்கிய பின் 25 பங்கு, சேதம் பரவிய பின் 125 பங்கு. துல்லியமான கணக்காக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மேலே பார்த்த துருவின் வேகத்தை நினைத்தால், செலவு ஏன் ஒவ்வொரு கட்டத்திலும் மடங்கு மடங்காகப் பாய்கிறது என்பது விளங்கும்.

கல்விக் கூடங்களில் மட்டும் ஏன் இவ்வளவு தேங்குகிறது

வீட்டில் ஒழுகினால் அன்றைக்கே கவலைப்பட ஆள் உண்டு. வகுப்பறையில் ஒழுகினால் வாளி வைப்பார்கள், பெஞ்சைத் தள்ளிப் போடுவார்கள், அடுத்த வருஷம் வேறு பிரிவு வந்து அங்கே உட்காரும். ஒரே ஒழுகலை அடுத்தடுத்த பத்து வகுப்புகள் பார்த்திருக்கும், அது யாருடைய பொறுப்பு என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பணமும் அப்படித்தான் வருகிறது. புதுக் கட்டடத்துக்கு நன்கொடை கிடைக்கும், திட்ட நிதி கிடைக்கும், திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. வடிகாலைச் சுத்தம் செய்ததற்கு யாரும் கல்வெட்டு வைத்ததில்லை. செலவைக் குறைக்க வேண்டிய வருஷத்தில் சம்பளத்தைக் குறைக்க முடியாது, மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது. பராமரிப்பைத் தள்ளினால் அந்த வருஷம் ஒன்றுமே ஆகாது. அதனால் முதலில் வெட்டு விழுவது அதன் மேல்தான். பணக்கார நாடுகளும் இதில் விலக்கில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டுப் பள்ளி மாவட்டங்களில் ஏறக்குறைய 54 சதவீதம் தங்கள் பள்ளிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டட அமைப்புகளை மாற்றவோ மேம்படுத்தவோ வேண்டிய நிலையில் இருப்பதாக மதிப்பிட்டது.

பிரிட்டன் கதை இன்னும் கடுமையானது. அங்கே 1950களிலிருந்து 1990கள் வரை பல பொதுக் கட்டடங்களின் கூரைக்கு, காற்றுக் குமிழ்கள் நிறைந்த எடை குறைந்த ஒருவகைக் கான்கிரீட் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். அது சாதாரணக் கான்கிரீட்டைவிட மிகவும் பலவீனமானது. ஈரம் ஏறினால் இன்னும் மோசம். 2018இல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளிக் கூரை விடுமுறை நாளில் இடிந்தது. உள்ளே யாரும் இல்லை. 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாளே இருக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அந்தப் பகுதிகளை மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. பெயிண்டுக்கும் உட்கூரைக்கும் பின்னால் இருந்ததால், எந்தக் கட்டடத்தில் அந்தப் பலகை இருக்கிறது என்பதையே ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கட்டடத்தின் வரைபடத்தையும் எந்த வருஷம் எதனால் கட்டினார்கள் என்ற குறிப்பையும் பத்திரமாக வைப்பது வெறும் அலுவலக வேலையாகத் தோன்றும். பிரிட்டனில் அந்தக் குறிப்பு இல்லாததன் விலையைக் கொடுத்தது, தற்காலிகக் கூடாரங்களில் படிக்க வேண்டிவந்த பிள்ளைகள்.

குழாயும் வயரும்

கூரைக்குச் சொன்னது இவற்றுக்கும் பொருந்தும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டு ஃபேன், இரண்டு டியூப்லைட்டுக்குப் போட்ட வயரில் இன்று புரொஜெக்டர், கம்ப்யூட்டர், சில இடங்களில் ஏசியும் ஓடுகிறது. வயரில் உண்டாகும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும். தளர்ந்த இணைப்பில் இந்தச் சூடு ஒரே புள்ளியில் குவியும். பழுப்பேறிய ஸ்விட்ச் போர்டு, பிளாஸ்டிக் கருகும் வாசனை, அடிக்கடி விழும் டிரிப்பர் (மின்சுமை கூடினால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) எல்லாமே முன்னறிவிப்புகள். டிரிப்பர் விழுகிறதென்று பெரிய அளவில் மாற்றிப் போடுவது, எச்சரிக்கை மணியின் வாயில் துணி வைப்பதற்குச் சமம். மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தியும் மின்சாரம் நிற்கவில்லை என்றால் கருவி செத்துவிட்டது.

தண்ணீருக்குக் கோடை விடுமுறைதான் சோதனை. ஒரு மாதம் யாரும் திறக்காத குழாய்களில் தேங்கிய தண்ணீரில் குளோரின் போய்விடும். ஏறக்குறைய 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் கடுமையான நுரையீரல் நோய் தரும் லீஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். பள்ளி திறக்கும் முன் தொட்டியைக் கழுவி, ஒவ்வொரு குழாயையும் திறந்து பழைய தண்ணீர் முழுக்கப் போகும்வரை ஓடவிட வேண்டும். கல்லூரி ஆய்வகங்களில் இதோடு புகை வெளியேற்றும் கூண்டு சரியாக இழுக்கிறதா, வாயுக் குழாய்கள் கசிகின்றனவா என்ற சோதனையும் சேரும்.

யார் எதைப் பார்ப்பது

பெரிய ஆய்வுக்குப் பொறியாளர் வேண்டும். ஆனால் கெடுவதை முதலில் பார்ப்பவர் தினமும் பெருக்குகிறவரும் இரவில் காவல் இருப்பவரும்தான். எந்தச் சுவர் எப்போது நனைகிறது, எந்த ஸ்விட்ச் சுடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சொன்னால் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் இடம் இல்லாததால் சொல்வதில்லை. அதற்கு ஒரு தடிமனான நோட்டுப் போதும்: தேதி, அறை எண், பார்த்தது என்ன, சொன்னவர் பெயர், என்ன செய்தோம்.

ஆய்வுக்கு நேரமும் முக்கியம். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை மாடி, வடிகால், கைப்பிடிச் சுவர் எல்லாம் பார்க்க வேண்டும். முதல் பெரிய மழை பெய்து ஓய்ந்ததும் இன்னொரு தடவை ஒவ்வொரு அறையாகக் கூரையை அண்ணாந்து பார்த்து, ஈரத் திட்டுகளைச் சாக்பீஸால் வட்டமிட்டுத் தேதி போட வேண்டும். வட்டத்துக்கு வெளியே ஈரம் பரவியிருக்கிறதா என்று அடுத்த மழையில் தெரிந்துவிடும். வேனிலில் வந்து பார்க்கும் ஆய்வாளருக்கு அந்த வட்டங்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

வேலைகளை வரிசைப்படுத்தும்போது, உயிருக்கு ஆபத்தானது முதலில், தண்ணீரை உள்ளே விடுவது இரண்டாவது, அன்றாட வசதி மூன்றாவது, தோற்றம் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம். வெற்றுச் சத்தம் கேட்ட கூரையின் கீழே வகுப்பு நடத்தக் கூடாது. பொறியாளர் வரும்வரை அந்த அறை பூட்டியே இருக்கட்டும். ஒழுகலை அடைத்த அன்றைக்கே நோட்டில் "முடிந்தது" என்று எழுதிவிடக் கூடாது. அடுத்த மழையில் போய்ப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த வரியை முடிக்க வேண்டும்.